மூன்றாம் துண்டில் பூஜ்யம்

என் அண்ணி ரோஸாலியாவை நான் இருபத்தாறு வருடம் திட்டியிருக்கிறேன். முகத்துக்கு நேராகத் திட்டியது பாதி, மாட்டுக் கொட்டகையில் பசுவிடம் சொல்லித் திட்டியது பாதி. இப்போது அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. கூசட்டும், அதற்காக எழுதாமல் விட முடியாது.

அவள் பிறந்தது பியெப்ஷா ஆற்றுக்கு அக்கரையில், மாடுகள் தாங்களே ஆற்றை நீந்திக் கடந்து மேயப் போகிற ஊரில். ஆறு வயதிலேயே ஒரு குச்சியைக் கையில் கொடுத்துக் கோரைக்குள் அனுப்பிவிட்டார்களாம். பள்ளிக்கூடம் போனாள், ஆனால் கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். என் அண்ணன் ப்ரோனெக்கைக் கட்டிக்கொண்டு எங்கள் ஓல்ஷோவோவுக்கு வந்தபோது அவள் கொண்டுவந்தது இரண்டு பசு, ஒரு தையல் மெஷின், அப்புறம் யார் என்ன சொன்னாலும் சிரிக்கிற ஒரு வாய். குழந்தை பிறக்கவில்லை. அதற்கும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அவள் வந்து இரண்டு வருடம் கழித்து நானும் அதே வீட்டுக்குத் திரும்பி வந்தேன், நாலு வயது மகளோடு. என் புருஷன் பிரஸ்ஸல்ஸில் சுவருக்குப் பூசுகிற வேலைக்குப் போனான். இரண்டு வருடம் கடிதம் வந்தது, மூன்றாம் வருடம் அதுவும் நின்றது. பிறந்த வீட்டில் எனக்கு மாடி அறையும் மாட்டுக் கொட்டகையும் கிடைத்தன. வாழாவெட்டியாக வந்தவளுக்கு வாய்தானே மிச்சம், அதை நான் குறையில்லாமல் பயன்படுத்தினேன்.

எங்கள் குடும்பத்துக்கு ஊரில் ஒரு பெருமை உண்டென்றால் அது என் அண்ணனின் காது. ஓல்ஷோவோவுக்குக் கீழே ஆறு வரைக்கும் சதுப்பு. அதில் ஊர்க்காரர்கள் கோரை அறுக்கிற நிலம் மூன்று துண்டு. அங்கே கோடைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சின்னக் குருவி வரும், கட்டைவிரல் பருமன் இருக்கும். அது பாடுகிற துண்டில் ஆகஸ்ட் பாதி வரைக்கும் யாரும் ஒரு புல் அறுக்கக் கூடாது, ஏனென்றால் கூடு கோரையின் அடியில் இருக்கும். குருவி இல்லாத துண்டில் ஜூலை பிறந்ததும் அறுப்பு வண்டியை இறக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று மே கடைசியில் ஒரு தடவை, ஜூன் கடைசியில் ஒரு தடவை நடந்து எண்ணிக் கொடுப்பது அண்ணன். டவுனில் சதுப்பைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸ் அவன் தாளைத்தான் நம்பியது. முன்கூட்டியே அறுத்தால் புல் மாட்டுத் தீனிக்கு ஆகும், ஆகஸ்டில் அறுத்தால் மாட்டுக்கு அடியில் விரிக்கத்தான் ஆகும். அதனால் அண்ணன் பென்சிலை எடுத்தால் ஊரே அவன் கையைப் பார்க்கும்.

அந்தக் குருவியை அடையாளம் கண்டுகொள்வது சுலபமில்லை. அதே நிறத்தில், அதே அளவில் இன்னொன்று இருக்கிறது. அதற்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் பட்டையாக இருக்கும், நடுத்தலை கறுத்திருக்கும். அதை நாங்கள் புருவக்குருவி என்போம், ஊர் முழுக்க இருக்கிறது, அதை யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டிய குருவிக்குப் புருவமும் உண்டு, கூடவே நடுத்தலையில் வைக்கோல் நிறத்தில் ஒரு வகிடு நேராக ஓடும், சீப்பு வைத்துப் பிரித்தது போல. முதுகிலும் அதே நிறத்தில் இரண்டு கோடு. இதுதான் வகிட்டுக்குருவி. ஆனால் கோரைக்குள் இருக்கிற குருவியின் தலையை யார் போய்ப் பார்ப்பது? காதால்தான் பிடிக்க வேண்டும். புருவக்குருவி சந்தையில் சண்டை போடுகிறவள் மாதிரி, மூச்சு விடாமல் கீச்சுக்கீச்சென்று கொட்டித் தீர்க்கும். வகிட்டுக்குருவி ட்ர்ர்ர்ர் என்று ஒரு இழுப்பு இழுக்கும். நிறுத்தும். யோசிக்கும். பிறகு தியூ தியூ தியூ என்று மூன்று சீழ்க்கை. மறுபடி நிறுத்தும். பொழுது சாய்கிற நேரத்தில்தான் நன்றாகப் பாடும்.

அண்ணன் இதைச் சாப்பாட்டு மேசையில் ரொட்டித் துணுக்கை வைத்து எல்லோருக்கும் விளக்குவான். "ஜூலைல மட்டும் ஏமாந்துடாத யாஜியா. புருவக்குருவிக் குஞ்சுக்கும் தலைல லேசா வகிடு மாதிரி தெரியும். பெரிய படிப்புப் படிச்சவனே அங்க கவுந்திருக்கான்" என்று என்னிடம் சொல்வான். எனக்கு அது மனப்பாடம்.

ஒரு நாள் இராத்திரிச் சாப்பாட்டில் அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ஆம்பளக் குருவி இருக்கானே, பாடுறதோட சரி. கூடு கட்றது, அடைகாக்கறது, குஞ்சுக்குப் பூச்சி தேடறது எல்லாம் ஒண்டியா அவதான். ஆனா இவரு எண்றது பூரா பாடறவனைத்தான்."

நான் கரண்டியைத் தட்டில் போட்டேன். "யாரைக் குத்திக் காட்டறீங்க அண்ணி?"

"ஐயோ, நான் குருவியச் சொன்னேன்."

"குருவியச் சாக்கு வச்சு என் கதையத்தானே சொல்றீங்க? ஓடிப்போனவன் பொண்டாட்டி, ஒண்டியா புள்ள வளத்தவ!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் ஜூனிலிருந்து டிசம்பர் வரை அவளோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் ஒருவர் கையிலிருக்கும் மெல்லிய அப்பத்தை இன்னொருவர் பிட்டுச் சாப்பிட்டு வாழ்த்துச் சொல்லியாக வேண்டும், அதில் யாரையும் விட முடியாது. அவள் அப்பத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு நல்ல புத்தி வரட்டும்" என்று சொல்லிப் பிட்டேன். "வரும் யாஜியா, வரும்" என்று சிரித்தாள். எனக்கு இன்னும் எரிந்தது.

அண்ணன் முதலில் தனியாகத்தான் எண்ணப் போவான். பன்னிரண்டு வருடம் அப்படிப் போனான். பிறகு ஒரு மே மாதம் அண்ணி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினாள். அடுத்த வருடமும் கிளம்பினாள். அது வழக்கமாகிவிட்டது. பொழுது சாய்கிற நேரம் பால் கறக்கிற நேரம். அவள் போய்விட்டால் பதினாலு மாட்டுக்கும் நான்தான்.

"ராஜாவும் ராணியும் உலா கெளம்பியாச்சா? இங்க ஒருத்தி மாட்டுக்கு வாக்கப்பட்டுக் கெடக்கா, போயிட்டு வாங்க!" என்று கொட்டகையிலிருந்து கத்துவேன்.

"வந்து தொட்டி கழுவித் தரேன் யாஜியா!" என்று தலைத்துணியை முடிந்துகொண்டே போவாள். சொன்னபடி வந்து கழுவவும் செய்வாள்.

ஒரு தடவை காணாமல் போன கிடாரியைத் தேடிக்கொண்டு சதுப்பின் ஓரத்து மண்கரை வரை போனபோது அவர்களைப் பார்த்தேன். மூன்றாம் துண்டின் நடுவில், கோரை முட்டிக்கு மேல் நிற்க, இருவரும் அசையாமல் நின்றார்கள். அவள் அவனுக்கு இடது பக்கம் ஒட்டி நின்று அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். ஐம்பது வயதில் புதுக் கல்யாண ஜோடி! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரம் என்று அன்று நினைத்தேன். பொறாமை என்று சொன்னால்தான் உண்மை. என் சட்டைக் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

போன வருடத்துக்கு முந்தின நவம்பரில் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். மார்ச்சில் படுக்கையோடு படுக்கையாகிவிட்டாள். நான்தான் பார்த்துக்கொண்டேன். திட்டுகிற வாய் எனக்கு, ஆனால் கை அப்படியில்லை, அவளைச் சுத்தமாக வைத்திருந்தேன். ஒரு நாள் பீட்ரூட் சூப்பை ஸ்பூனில் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யாஜியா, மே மாசம் அண்ணனோட நீ போ."

"நான் போனா மாட்ட யாரு கறப்பா?"

"கொஞ்சம் முன்னாடியே கறந்துட்டுப் போயேன். அவருக்கு எடது பக்கமா நில்லு."

"ஏன், ஒண்டியாப் போனா உங்க வீட்டுக்காரருக்கு பயமா இருக்குமோ?"

அவள் அடுப்புப் பக்கம் பார்த்தாள். அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி விறகு போட்டுக்கொண்டிருந்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். "தொணை வேணும்" என்றாள். "அவ்வளவுதான். தொணை வேணும்."

"சரி சரி, பாப்போம்" என்றேன், குழந்தைக்குச் சொல்வது போல. ஈஸ்டருக்கு நாலு நாள் முன்னால் போய்விட்டாள்.

மே கடைசியில் அண்ணன் பூட்ஸோடு கொட்டகை வாசலில் வந்து நின்றான். "வரியா?" என்று கேட்டான்.

"எனக்கு வேலை கெடக்கு" என்றேன். மாட்டு மடியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அவன் தனியாகப் போனான். ஜூன் கடைசியில் அவன் கேட்கவே இல்லை.

இரண்டாவது எண்ணிக்கை முடிந்த வாரம் ஆபீஸிலிருந்து எவெலினா என்று ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. அண்ணன் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். நான் முற்றத்தில் அவளை மறித்தேன்.

"அம்மா, மூணாம் துண்டுல போன வருஷம் ஒம்பது பாடுச்சு. இந்த வருஷம் ரெண்டு தடவையும் மூணு துண்டுலயும் பூஜ்யம்னு வந்திருக்கு. ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, இன்னிக்கு சாயங்காலம் நானும் ஒரு நடை போய்ப் பாக்கலாம்னு…"

"எதுக்கு?"

"சும்மா, சரிபாக்கத்தான்."

"சரிபாக்கறதா? இருபத்திமூணு வருஷமா எண்றவன் அவன். நீ தொட்டில்ல கெடந்து கத்துனப்பவே அவனுக்கு எது குருவி, எது தவளைன்னு தெரியும். அவன் பூஜ்யம்னா பூஜ்யம். என் அண்ணன் காதுல குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டியா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா…"

"பொண்டாட்டி செத்து மூணு மாசம் ஆகல. அவன் மனசப் புண்ணாக்காத. போயிட்டு வா."

அவள் மூஞ்சி சிவந்துபோய்ச் சைக்கிளைத் திருப்பினாள். பின்னால் கோடாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். வந்தவளைப் பற்றி அண்ணனிடம் மூச்சுவிடவில்லை.

ஜூலை மூன்றாம் தேதி பக்கத்து வீட்டு கோஸ்தெக் சங்கிலிச் சக்கரம் வைத்த தன் அறுப்பு வண்டியை மூன்றாம் துண்டில் இறக்கினான். இந்த வருடம் நல்ல புல் என்று ஊருக்கே சந்தோஷம். மத்தியானம் அவனுக்குத் தயிரும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு நான் போனேன். பாதித் துண்டு முடிந்திருந்தது. அண்ணன் மண்கரைக்குக் கீழே, நிற்கிற கோரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

அறுத்ததற்கும் அறுக்காததற்கும் நடுவில் ஒரு தண்டில் குருவி ஒன்று ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. என்னைப் பார்த்தும் போகவில்லை. தலை குனிந்தபோது பார்த்தேன், நடுவில் வகிடு. ஜூலை மாசம், புருவக்குருவிக் குஞ்சு, ஏமாந்துவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். பிறகு அதன் அலகைப் பார்த்தேன். அலகு நிறையப் பச்சைப் புழு. குஞ்சு இன்னொரு குஞ்சுக்கு இரை கொண்டு போகுமா? அது தாய். அறுத்துப் போட்ட பக்கத்தில் இறங்கப் பார்த்து, இறங்க இடமில்லாமல் திரும்பித் திரும்பி வந்தது.

அப்போது கோஸ்தெக் சாப்பிடுவதற்காக எஞ்சினை நிறுத்தினான். சதுப்பு அமைதியானது. அண்ணனுக்கு முன்னால் பத்தடி தூரத்தில், கோரைக்குள்ளிருந்து, ட்ர்ர்ர்ர்… தியூ தியூ தியூ.

அவன் தலையைத் திருப்பவில்லை.

மறுபடியும் பாடியது. எனக்கே, கொட்டகைக்கும் அடுப்புக்கும் நடுவில் வாழ்ந்தவளுக்கே, காதில் குத்தியது போலக் கேட்டது. அவன் ஆற்றைப் பார்த்து நின்றான்.

"அண்ணே!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். எப்போதும் கத்துகிற குரலில் இல்லை, மெதுவாக. திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். "அண்ணே, கேக்கலியா?"

அவன் என் வாயையே பார்த்தான். பிறகு என் கை காட்டிய திசையைப் பார்த்தான். அவன் முகம் சின்னப்பிள்ளை முகம் போல உடைந்தது.

"பாடுதா யாஜியா?"

தலையை ஆட்டினேன்.

"எத்தன?"

"ஒண்ணு பாடுது. ஒரு தாய் எரையோட சுத்துது."

அவன் அப்படியே மண்கரையில் உட்கார்ந்துவிட்டான். கோஸ்தெக்கிடம் ஓடிப்போய் வண்டியை எடுக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது அண்ணன் பேச ஆரம்பித்திருந்தான், யாரிடம் என்றில்லாமல்.

"மரமில்லுல வேல பாத்தப்ப அந்த வாளு சத்தம் காதக் கெடுத்துருச்சு. கிட்ட நின்னு பேசினா கேக்கும், மெல்லிசான சத்தம் எதுவும் கேக்காது. பதினோரு வருஷமா என் காது அவதான். ஒரு குருவிக்கு ஒரு தடவ சட்டையை அழுத்துவா. எந்தப் பக்கம்னு மொகத்தத் திருப்பிக் காட்டுவா. புருவக்குருவி கத்துனா கையையே எடுத்துருவா. ஒரு தடவகூடத் தப்பா அழுத்தினதில்ல. நான் ஆபீஸ்ல சொல்லிடறேன்னுதான் சொன்னேன். அவதான், 'ஊரு உங்கள இப்படித்தான் தெரிஞ்சு வச்சிருக்கு, இப்படியே இருக்கட்டுங்க'ன்னா."

பதினோரு வருடம். டிவியை அலற வைக்கிறாள் என்று அவளைத் திட்டியிருக்கிறேன். அண்ணனுக்குப் பதில் அவளே முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள், புருஷனை வாய் திறக்க விடுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நான் பேசுவதே கத்தல் என்பதால் அவன் காது எனக்குத் தெரியவே இல்லை.

"அப்ப எதுக்கண்ணே பூஜ்யம் போட்ட?"

"கேக்காதத எப்படி எழுதறது? போன வருஷக் கணக்க எழுதினா அது பொய். பூஜ்யம் போட்டா அவங்களுக்கே சந்தேகம் வரும், சரிபாக்க யாரையாவது அனுப்புவாங்கன்னு நெனச்சேன். வந்தா எல்லாத்தையும் சொல்லிடலாம்னு தெனம் வாசலையே பாத்துட்டிருந்தேன். ஏன் யாருமே வரலன்னு தெரியல."

தயிர்ப் பாத்திரம் கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாய்க்குருவி புழுவோடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை சுற்றியது என்று கோஸ்தெக் பிறகு சொன்னான்.

அடுத்த திங்கட்கிழமை அண்ணன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனான். பதினோரு வருடத் தாளிலும் தன் பெயரை அடித்துவிட்டு ரோஸாலியா பெயரைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். முடிந்துபோன தாளில் கை வைக்க முடியாது, ஆனால் ஒரு குறிப்பாக எழுதி வைக்கிறோம் என்றார்களாம். எவெலினா அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தாளாம். திரும்பி வந்தவனுக்கு உருளைக்கிழங்கும் மோரும் எடுத்து வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டான்.

"ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்துச்சாமே, யாஜியா."

"வந்துச்சுண்ணே."

"ம்" என்றான். சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவி வைத்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. திட்டியிருக்கலாம். திட்டு வாங்குவது எப்படியென்று அண்ணியிடமாவது கற்றுக்கொண்டிருப்பேனே.

இந்த வருடம் மே மாதம் நானே முன்கூட்டிப் பால் கறந்துவிட்டு அண்ணியின் பூட்ஸை மாட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு அளவு பெரிது, துணி திணித்தேன். குளிர்காலம் முழுக்கக் குருவிகளின் குரல் பதிவைக் கேட்டுப் பழகியிருந்தேன். எவெலினா கொண்டுவந்து கொடுத்தது. முதல் துண்டில் இரண்டு பாடின. இரண்டாம் துண்டில் ஒன்று. அண்ணனின் இடது பக்கம் நின்று சட்டைக் கையை அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்துக்கும் அவன் மூச்சு லேசாக ஏறி இறங்கியது.

மூன்றாம் துண்டில் போன வருடம் அறுத்த இடத்தில் கோரை மறுபடி வளர்ந்திருந்தது. பழையபடிதான் தெரிந்தது. நின்றோம். பொழுது சிவந்தது. தூரத்தில் ஒரு புருவக்குருவி கொட்டித் தீர்த்தது. நான் கையை எடுத்துவிட்டேன், அண்ணி எடுத்தது போலவே. ஒரு இடத்தில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம். அவன் அசையவில்லை. ஐந்து நிமிடம் ஆனது, பத்தும் ஆனது. கையை மறுபடி வைப்பேன் என்று காத்திருந்தான். ஒரே ஒரு தடவை அழுத்திவிடலாமா என்று இருந்தது. கிழவன், பொண்டாட்டியை இழந்தவன், ஒரு குருவியாவது இருக்கட்டுமே. ஆனால் அவள் பொய்யாக ஒரு தடவைகூட அழுத்தியதில்லை.

அவன் முகத்துக்கு நேராக வந்து தலையை இல்லையென்று ஆட்டினேன்.

தாளை அவன் என்னிடமே கொடுத்தான். "நீயே எழுது. கேட்டது நீதானே" என்றான். எண்ணியவர் பெயர் என்று மேலே ஒரே ஒரு கோடுதான் உண்டு. அண்ணி பதினோரு வருடம் குருவிகளைக் கேட்டும் அந்தக் கோட்டில் ஏறாமலே போய்ச் சேர்ந்தாள். நான் முதல் வருடமே ஏறிவிட்டேன். என் பெயரை எழுதி, மூன்றாம் துண்டுக்கு நேராகப் பூஜ்யம் போட்டேன். இந்தத் தடவை அது சரியான கணக்கு.